புது கம்ப்யூட்டர் தையல் மிஷின்: மிதி மிஷினில் கை பழகியவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று காவிரிப் பாசனத்து ஊர்களில் தையல் தெரிந்தவர்கள் பெரும்பாலும் காலால் மிதிக்கும் கறுப்பு மிஷினில்தான் கை பழகியிருப்பார்கள். அவர்கள் வீட்டுக்குக் கம்ப்யூட்டர் மிஷின் வந்ததும் முதலில் பயமுறுத்துவது அதன் ஸ்கிரீன். உண்மையில் ஸ்கிரீனை ஒரு சாயங்காலத்தில் கற்றுக்கொண்டுவிடலாம். நாள் பிடிப்பது பழைய பழக்கங்களைக் கையும் காலும் மறப்பதற்குத்தான். புது மிஷினில் முதல் மாதம் வரும் தொல்லைகளும் ஊசி, பாபின் (அடி நூல் சுற்றும் சின்ன உருளை), மேல் நூல் இந்த மூன்றுக்குள்ளேயே அடங்கிவிடும். அதனால் நூறு டிசைன்களைப் பற்றி இங்கே குறைவாகவும், இந்த மூன்றைப் பற்றி நிறையவும் சொல்கிறோம்.

பெட்டியைப் பிரிக்கும்போது

அட்டைப் பெட்டியையும் தெர்மாகோலையும் தூக்கிப் போடாதீர்கள். உள்ளே இருக்கும் எலக்ட்ரானிக் போர்டு பழுதானால் உள்ளூர் மெக்கானிக்கால் பெரும்பாலும் சரிசெய்ய முடியாது. மிஷின் சர்வீஸ் சென்டருக்குப் பயணம் போக வேண்டும். அந்தத் தெர்மாகோல் இல்லாமல் பஸ்ஸில் ஏற்றினால் ஒரு கோளாறோடு போனது இரண்டு கோளாறோடு திரும்பும். பில், வாரண்டி கார்டு, மிஷினின் பின்புறமோ அடியிலோ உள்ள சீரியல் நம்பர் மூன்றையும் போட்டோ எடுத்து வையுங்கள்.

ஊசிப் பகுதியைச் சுற்றி டேப்போ நுரைத் துண்டோ இருந்தால் எல்லாவற்றையும் எடுத்த பிறகே ஸ்விட்ச் போட வேண்டும். மிஷினின் இடது முன்பக்கம் இழுத்தால் கழன்று வரும் பகுதிக்குள்தான் ஃபுட்டுகள் (துணியை அழுத்திப் பிடிக்கும் பாதங்கள்), பாபின், சின்ன ஸ்க்ரூ டிரைவர், பிரஷ் எல்லாம் இருக்கும். கையேட்டில் நூல் கோக்கும் படம் உள்ள பக்கத்தை ஜெராக்ஸ் எடுத்து, மிஷினுக்கு எதிரே சுவரில் ஒட்டிவிடுங்கள். முதல் வாரம் ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்தே கோர்க்க வேண்டும்.

கரண்ட்

மிதி மிஷினுக்கு இல்லாத கவலை இது. முதலில் மிஷினில் ஒட்டியிருக்கும் தகட்டில் வோல்டேஜைப் படியுங்கள். நம் வீட்டுக் கரண்ட் 230 வோல்ட். சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ உறவினர் கொண்டுவந்த மிஷின் என்றால் வோல்டேஜ் ஒத்துப்போகும், பிளக் மட்டும் வேறு. அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் அது 120 வோல்ட் மிஷினாக இருக்க வாய்ப்பு அதிகம். பிளக்கை மட்டும் மாற்றி நேராகச் சொருகினால் அந்த நிமிடமே எரிந்துபோகும். அதற்கு வோல்டேஜைக் குறைக்கும் டிரான்ஸ்ஃபார்மர் தேவை.

குறுவைக்குப் போர்வெல் மோட்டார்கள் ஓடும் நாட்களில் கிராமத்து லைனில் வோல்டேஜ் ஏறி இறங்கும். விளக்கு மங்கிப் பிரகாசமாகிறதா என்று பாருங்கள். அப்படியானால் ஸ்டெபிலைசர் வைப்பது நல்லது. கரண்ட் போனால் உடனே மிஷினின் ஸ்விட்சை அணைத்துவிடுங்கள். திரும்பி வந்ததும் ஐந்து நிமிடம் பொறுத்து ஆன் செய்யுங்கள். கரண்ட் வரும் அந்த முதல் நொடியில் வரும் அதிர்வுதான் போர்டைக் கெடுக்கும். பாதித் தையலில் நின்றுவிட்டால் வலப்பக்கச் சக்கரத்தை உங்கள் பக்கமாகச் சுற்றி ஊசியை மேலே கொண்டுவந்து துணியை எடுக்கலாம். இன்வெர்ட்டரில் ஓட்டுவதானால் அது சைன் வேவ் வகையாக இருக்கட்டும். ஐப்பசி, கார்த்திகையில் இடி இடிக்கும்போது ஸ்விட்சை அணைத்தால் போதாது, பிளக்கையே உருவிவிடுங்கள்.

எங்கே வைப்பது

ஆடாத மேசை வேண்டும். பழைய மிஷினின் ஸ்டாண்டு மேல் பலகை போட்டு வைத்தால் வேகமாகத் தைக்கும்போது குலுங்கும், தையலும் கோணும். நாற்காலியில் உட்கார்ந்து கையை மடக்கினால் முழங்கை மிஷினின் தட்டுக்குச் சமமாக வர வேண்டும். திண்ணையில் வைக்காதீர்கள். அறுவடைக் காலத்தில் நெல் தூசியும் வைக்கோல் தூசியும் நேராக உள்ளே போகும். எறும்பும் பல்லியும் இன்னும் மோசம்; போர்டின் சூட்டுக்கு உள்ளே புகுந்து கரண்டைக் குறுக்கே கடத்திவிடும். தைத்து முடித்ததும் உறை போட்டே ஆக வேண்டும். மிஷின் பக்கத்தில் டீ டம்ளரும் பலகாரத் தட்டும் வேண்டாம்.

விட வேண்டிய பழக்கங்கள்

மிதி மிஷினை ஓட்டத் தொடங்கும்போது சக்கரத்தைத் தள்ளுவோம், நிறுத்தக் கையால் பிடிப்போம். இங்கே மிஷின் ஓடும்போது சக்கரத்தைத் தொடவே கூடாது. மோட்டார் ஓடும்போது பிடித்தால் மிஷின் ‘ஊசி சிக்கிக்கொண்டது’ என்று நினைத்து நின்றுவிடும், மோட்டாருக்கும் கேடு. பெடலை விட்டாலே நிற்கும்.

துணியைப் பின்னாலிருந்து இழுப்பது இரண்டாவது பழக்கம். துணியை நகர்த்துவது அடியில் உள்ள பல்லின் வேலை. நீங்கள் இழுத்தால் ஊசி வளையும், வளைந்த ஊசி பிளேட்டில் மோதி உடையும். உங்கள் கை இரண்டும் துணியைத் திசை காட்டினால் மட்டும் போதும்.

வாரம் தவறாமல் எண்ணெய் விடுவது மூன்றாவது. கறுப்பு மிஷினுக்கு அது உயிர். கம்ப்யூட்டர் மிஷின்கள் பலவற்றுக்கு எண்ணெயே வேண்டாம் என்று கையேட்டில் எழுதியிருக்கும். எழுதியிருந்தால் ஒரு சொட்டுகூட விடாதீர்கள்.

ஊசி

வீட்டு மிஷின் ஊசியின் தலை ஒரு பக்கம் தட்டையாக இருக்கும். பாக்கெட்டில் எச்ஏஎக்ஸ்1 அல்லது 130/705 எச் என்று அச்சிட்டிருக்கும். தையல் கடைகளில் உள்ள பவர் மிஷினுக்கான டிபிஎக்ஸ்1 ஊசியின் தலை முழு உருண்டை, இதற்குச் சேராது. கறுப்பு மிஷினில் தட்டைப் பக்கம் பக்கவாட்டில் நிற்கும், நூலும் பக்கவாட்டில் கோர்ப்போம். கம்ப்யூட்டர் மிஷினில் தட்டைப் பக்கம் பின்னால் போக வேண்டும், நூல் முன்னிருந்து பின்னே நுழையும். பழகிய கை இதைத் தவறாகச் செய்துவிட்டு, தையலே விழவில்லை என்று மிஷினைக் குறை சொல்லும்.

மாற்றும் முறை: ஸ்விட்சை அணையுங்கள். ஃபுட்டுக்கு அடியில் ஒரு காகிதத்தை வைத்து ஃபுட்டை இறக்குங்கள்; ஊசி நழுவினாலும் பிளேட் ஓட்டைக்குள் விழாது. இடது கையால் ஊசியைப் பிடித்துக்கொண்டு ஸ்க்ரூவை இளக்குங்கள். புது ஊசியைத் தட்டைப் பக்கம் பின்னால் இருக்கும்படி, இனி மேலே போகாது என்னும்வரை ஏற்றி, ஸ்க்ரூ டிரைவரால் இறுக்குங்கள். அரை மில்லிமீட்டர் கீழே தங்கினாலும் தையல் விட்டு விட்டு விழும்.

பட்டு, ஷிஃபான், மெல்லிய லைனிங்: 9 அல்லது 11. டூ பை டூ, காட்டன் ஜாக்கெட்: 11. பாப்ளின் உள்பாவாடை, காடா, ஸ்கூல் யூனிஃபார்ம்: 14. ஜீன்ஸ்: 16. பனியன் துணிக்கும் லைக்ராவுக்கும் முனை உருண்ட பால் பாயிண்ட் ஊசி வேண்டும். சாதாரண ஊசி இழையை அறுத்து ஓட்டை போடும். எட்டு மணி நேரம் தைத்தால் ஊசியை மாற்றுங்கள். உடையும்வரை ஓட்டுவது சிக்கனம் ஆகாது. பட்டில் ‘டக் டக்’ என்று சத்தம் வந்தால் முனை மழுங்கிவிட்டது என்று அர்த்தம்.

பாபின்

இந்த மிஷின்கள் பெரும்பாலானவற்றில் பாபின் மேலிருந்து கிடையாக உட்காரும். பிளாஸ்டிக் பாபின், பல மாடல்களில் உயரம் 11.5 மில்லிமீட்டர். பழைய மிஷினின் இரும்புப் பாபின் அளவில் ஒத்தாற்போலத் தெரியும். அதைப் போடாதீர்கள், எடை வேறு, டென்ஷன் (நூலின் இறுக்கம்) கெடும். உங்கள் மாடலுக்கு உரிய பாபினையே ஒரு டஜன் வாங்கிக்கொள்ளுங்கள்.

சுற்றும்போது நூல் சின்ன டென்ஷன் தட்டுக்குள் அழுந்தி உட்கார்ந்திருக்க வேண்டும். வெளியே நழுவியிருந்தால் பாபின் பஞ்சுபோலத் தளர்வாகச் சுற்றும். விரலால் அழுத்தினால் அமுங்கும். அப்படிப்பட்ட பாபினால் ஒருபோதும் ஒழுங்கான தையல் வராது, பிரித்துவிட்டு மறுபடி சுற்றுங்கள். சுற்றி முடித்ததும் சுற்றும் முளையை இடப்பக்கம் தள்ளி வையுங்கள். அதை மறந்தால் பெடலை எவ்வளவு அழுத்தினாலும் ஊசி அசையாது.

போடும்போது பாபினைக் கையில் செங்குத்தாகப் பிடித்தால் நூல் இடப்பக்கமாகத் தொங்க வேண்டும். உள்ளே வைத்து, நூலை முன்பக்க வெட்டுக்குள் நுழைத்து இடப்பக்கமாக இழுத்து, அடுத்த வெட்டுக்குள் விடுங்கள். ஒரு விரலால் பாபினை மெல்ல அழுத்திக்கொண்டு நூலை இழுத்தால் லேசான பிடிப்பு தெரிய வேண்டும்; பாபின் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். பிடிப்பே இல்லையென்றால் நூல் ஸ்பிரிங்குக்குள் போகவில்லை.

மேல் நூல்

இந்த வழிகாட்டியில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: ஃபுட் மேலே இருக்கும்போதுதான் நூல் கோர்க்க வேண்டும். ஃபுட்டைத் தூக்கினால்தான் உள்ளே இருக்கும் டென்ஷன் தட்டுகள் விரியும். இறக்கி வைத்துக் கோர்த்தால் நூல் தட்டுகளுக்கு வெளியே கிடக்கும், மேல் நூலுக்குப் பிடிப்பே இருக்காது, துணிக்கு அடியில் நூல் கொத்துக் கொத்தாகத் திரளும். அடியில் சிக்கு வருவதால் எல்லோரும் பாபினைத்தான் குடைவார்கள். தப்பு அங்கே இல்லை, மேலே இருக்கிறது.

ஊசி உச்சியில் இருக்கட்டும். ரீலை முளையில் செருகி, ரீலின் தலைக்குக் கொஞ்சம் பெரிய மூடியைப் போடுங்கள்; மூடி சிறியதானால் ரீலின் வெட்டில் நூல் மாட்டிக்கொண்டு அறுந்துபோகும். வலது கையால் ரீல் அருகே நூலைப் பிடித்துக்கொண்டு, இடது கையால் கீழே, மேலே, மறுபடி கீழே என்று வழித்தடத்தில் இறக்குங்கள். மேலே ஏறி இறங்கும் கொக்கிக்குள் நூல் மாட்டியிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். கோர்த்தபின் சோதனை: ஃபுட் மேலே இருக்கும்போது நூலை இழுத்தால் தாராளமாக வர வேண்டும், ஃபுட்டை இறக்கி இழுத்தால் ஊசியே வளையும் அளவுக்குப் பிடிக்க வேண்டும். இரண்டும் ஒரேபோல இருந்தால் மறுபடி கோருங்கள்.

ஊசி கோர்க்கும் கருவிக்குள் தலைமுடி அளவு மெல்லிய கொக்கி இருக்கிறது. ஊசி உச்சியில் இல்லாதபோது அழுத்தினால் அது வளைந்துவிடும். 9 நம்பர் ஊசியின் காதுக்குள் அது நுழையாது, கையால்தான் கோர்க்க வேண்டும். கடையில் மலிவாகக் கிடைக்கும் பெரிய கோன் நூலை மிஷின் முளையில் போட வழியில்லை. பின்னால் தனி ஸ்டாண்டு வைக்கலாம். ஆனால் பிசிறு தட்டும் நூல் வேண்டாம். வெளிச்சத்தில் பிடித்தால் ரோமம் ரோமமாகத் தெரிகிறதே, அதெல்லாம் டென்ஷன் தட்டில்தான் போய் அடையும்.

ஸ்கிரீனும் பட்டன்களும்

ஒரு தையலைத் தேர்ந்தெடுத்தால் ஸ்கிரீன் மூன்று விஷயம் சொல்லும்: தையலின் நீளம், அகலம், எந்த எழுத்துள்ள ஃபுட் போட வேண்டும் என்பது. அந்த எழுத்தைப் பார்க்காமல் ஓட்டுவதால்தான் அதிகம் ஊசி உடைகிறது. நேர்த்தையல் ஃபுட்டின் சிறு ஓட்டைக்குள் ஜிக்ஜாக் ஊசி இறங்கினால் இரும்பில் மோதும். சந்தேகமானால் சக்கரத்தைக் கையால் ஒரு முழுச் சுற்று சுற்றி, ஊசி எங்கும் படவில்லை என்று பார்த்துவிட்டு ஓட்டுங்கள். (மோட்டார் ஓடாதபோது சக்கரத்தைத் தாராளமாகத் தொடலாம், எப்போதும் உங்கள் பக்கமாகவே சுற்ற வேண்டும்.)

வேகத்தைக் கட்டுப்படுத்தும் தள்ளு பட்டனை முதல் வாரம் முழுக்கக் குறைந்த பக்கத்திலேயே வையுங்கள். பெடலை முழுசாக மிதித்தாலும் மிஷின் மெதுவாகத்தான் போகும். ஊசி மேல்-கீழ் பட்டன் பெரிய வரம்: ஊசி துணிக்குள் நிற்கும்படி வைத்துக்கொண்டால் மூலை திரும்புவது சுலபம். ஸ்டார்ட் பட்டன் வேலை செய்யவில்லை என்று பதறாதீர்கள். பெடல் செருகியிருந்தால் பல மிஷின்களில் அந்தப் பட்டன் இயங்காது. பெடலைக் கழற்றினால் ஓடும். நூல் வெட்டும் பட்டனைத் தடித்த நூலுக்குப் பயன்படுத்தினால் உள்ளே உள்ள கத்தி கெடும். அங்கே கத்தரிக்கோலே போதும்.

முதல் தையல், டென்ஷன்

நூல் இல்லாமல் தொடங்குங்கள். பழைய ஊசி ஒன்றைப் போட்டு, கோடு போட்ட நோட்டுத் தாளைக் கோட்டின் மேலேயே ஓட்டுங்கள். பத்துத் தாள் ஓட்டினால் கால் அழுத்தம் பிடிபடும். காகிதத்தில் ஓட்டிய ஊசியைத் துணிக்குப் போடாதீர்கள்.

அடுத்து, காடாத் துணியை இரண்டு மடிப்பாக வைத்து, மேலே சிவப்பு நூலும் பாபினில் நீல நூலும் போடுங்கள். இரண்டும் ஒரே தரமாக இருக்கட்டும். நீளம் 2.5, டென்ஷன் 4. தொடங்கும்போது இரண்டு நூல் முனையையும் நான்கு அங்குலம் விட்டு, ஃபுட்டுக்கு அடியில் பின்னால் தள்ளி, முதல் மூன்று தையலுக்கு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள். தைத்துவிட்டுத் திருப்பிப் பாருங்கள். மேலே சிவப்பும் கீழே நீலமும் மட்டும் தெரிந்தால் சரி. மேலே நீலப் புள்ளிகள் தெரிந்தால் மேல் டென்ஷன் அதிகம், அரை எண் குறையுங்கள். அடியில் சிவப்பு தெரிந்தால் மேல் டென்ஷன் குறைவு. ஆனால் டயலைத் திருகுவதற்கு முன் மேல் நூலை ஒருமுறை மறுபடி கோர்த்துப் பாருங்கள். பெரும்பாலும் அதிலேயே சரியாகிவிடும்.

இந்தத் துண்டுகளை ஒரு நோட்டில் பின் அடித்து, பக்கத்தில் துணி, ஊசி நம்பர், டென்ஷன், நீளம் எழுதி வையுங்கள். பல மிஷின்கள் அணைத்தவுடன் நீங்கள் மாற்றிய அளவுகளை மறந்துவிடும். தீபாவளி அவசரத்தில் அந்த நோட்டு உதவும்.

ஒரு மஞ்சப்பை

முதல் முழு வேலையாக மஞ்சப்பை தைக்கச் சொல்வோம். நேர்த்தையல், மூலை, பின்தையல், கனமான இடம் நான்கும் அதில் வந்துவிடும், கெட்டாலும் நஷ்டமில்லை. 36 அங்குலப் பன்னாவில் (துணி அகலத்தில்) 60 செ.மீ. மஞ்சள் காடா வாங்கி, நனைத்து உலர்த்திக்கொள்ளுங்கள். 16-க்கு 34 அங்குலத்தில் ஒரு துண்டு, 3-க்கு 22 அங்குலத்தில் கைப்பிடிக்கு இரண்டு. ஊசி 14, தையல் நீளம் 2.5.

கைப்பிடித் துண்டின் நீள ஓரங்களை நடுவுக்கு மடித்து, மறுபடி பாதியாக மடித்து, இரு ஓரமும் தையுங்கள். பையின் இரண்டு 16 அங்குல ஓரத்தையும் அரை அங்குலம், பிறகு ஒரு அங்குலம் மடித்துத் தையுங்கள். அடிப்பக்கம் மடிப்பாக வரும்படி, உள்புறம் உள்புறத்தோடு சேர, இரண்டாக மடித்து, பக்கங்களைக் கால் அங்குலத்தில் தைத்து, பிசிறை ஒட்ட நறுக்குங்கள். உள்ளே திருப்பி மறுபடி கால் அங்குலத்தில் தைத்தால் பிசிறு தையலுக்குள் மறைந்துவிடும். கடைசியாகக் கைப்பிடி முனைகளைப் பக்கத் தையலிலிருந்து நான்கு அங்குலம் தள்ளி வைத்துச் சதுரமாகத் தைத்து, குறுக்கே பெருக்கல் குறி போடுங்கள். அந்த இடத்தில் பல அடுக்கு சேரும். ஃபுட்டின் மூக்கு மேலே தூக்கிக்கொண்டு பல் நகர்த்தாது. அதே கனத்துக்கு மடித்த ஒரு துண்டுத் துணியை ஃபுட்டின் பின்பக்கம் அடியில் கொடுத்து மட்டமாக்கினால் நகரும்.

ஜிக்ஜாக், காஜா, பட்டு

ஓரம் பிசிறாமல் இருக்க ஜிக்ஜாக் அகலம் 4 முதல் 5, நீளம் 2. தேருக்குத் தொங்கவிடும் தொம்பையில் துணி மேல் துணி வைத்து உருவம் காட்டுவார்களே, அந்த வேலையைச் சிறிதாகச் செய்து பார்க்க நீளம் 0.4, அகலம் 3 முதல் 4. அடியில் கேன்வாஸோ செய்தித்தாளோ வைக்காவிட்டால் துணி சுருண்டு குழாயாகிவிடும்.

காஜா (பட்டன் ஓட்டை): ஃபுட்டின் பின்பக்கத்தை விரித்து அதில் பட்டனையே வையுங்கள், நீளத்தை மிஷின் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். ஃபுட்டை மாட்டியபின் இடப்பக்கமுள்ள காஜா லிவரைக் கீழே முழுசாக இழுக்க வேண்டும். இழுக்க மறந்தால் மிஷின் பீப் அடிக்கும். அதேபோல், முடிந்தபின் மேலே தள்ள மறந்தால் அடுத்த நேர்த்தையலுக்கும் அடிக்கும். தைக்கப்போகும் துணியின் அதே அடுக்கில், கேன்வாஸ் உட்பட, துண்டில் ஒன்று போட்டுப் பட்டன் நுழைகிறதா என்று பாருங்கள். வெட்டும்போது முனையில் ஒரு குண்டூசியைக் குறுக்கே குத்திவிட்டு வெட்டினால் காஜாவின் கட்டு அறுந்துபோகாது.

திருபுவனம் பட்டோ கூறைநாட்டுப் புடவையோ கைக்கு வந்தால் அவசரம் வேண்டாம். பட்டில் ஊசி போன இடம் தழும்பாக நிற்கும், பிரித்துத் தைக்க முடியாது. ஜாக்கெட் பிட்டின் வெட்டிய மூலையில் சோதித்துவிட்டு வாருங்கள். புது ஊசி, மெல்லிய நூல், டென்ஷன் 3 அளவில், நீளம் 2 முதல் 2.2. சுருக்கம் விழுந்தால் டென்ஷனை இன்னும் அரை குறையுங்கள். ஜரிகை ஊசியை வேகமாக மழுக்கும். ஜரிகைக் கரையில் தைத்த ஊசியை அடுத்த பட்டுக்குப் போடாதீர்கள். ஃபால்ஸின் கீழ் ஓரத்தை மிஷினில் அடித்து, மேல் ஓரத்தைக் கையால் ஹெம் செய்வதுதான் பட்டுக்கு அழகு.

நின்றுபோனால்

மிஷின் முனகி நின்றால் பெடலை மறுபடி மிதிக்காதீர்கள். அணைத்துவிட்டு, ஃபுட்டைத் தூக்கி, துணியை இழுக்காமல், அடியில் கத்தரிக்கோல் விட்டு நூலை வெட்டி எடுங்கள். பாபின் கூட்டைத் திறந்து துண்டு நூல் மிச்சமில்லை என்று பாருங்கள். பிறகு புது ஊசி, மேல் நூல், பாபின் இந்த வரிசையில் எல்லாவற்றையும் திரும்பச் செய்யுங்கள். தையல் விட்டுப் போனால் முதலில் ஊசி. மேல் நூல் அறுந்தால் ரீல் மூடி, நூலின் தரம், டென்ஷன். துணி நகராவிட்டால் பல்லை இறக்கும் லிவர் தெரியாமல் நகர்ந்திருக்கும், அல்லது நீளம் பூஜ்யத்தில் இருக்கும். இத்தனையும் பார்த்தபிறகும் அதே எர்ரர் எண் வந்தால் ஸ்கிரீனைப் போட்டோ எடுத்துக்கொண்டு சர்வீஸுக்குப் போங்கள்.

சுத்தம்

நாலைந்து பாபின் தீர்ந்ததும் பிளக்கை உருவி, ஊசியையும் ஃபுட்டையும் கழற்றி, பிளேட்டைத் திறந்து பிரஷ்ஷால் பஞ்சை எடுங்கள். வாயால் ஊதினால் எச்சில் ஈரம் படும்; பஞ்சும் உள்ளே இன்னும் ஆழமாகப் போகும். பாபின் கூட்டைத் திரும்ப வைக்கும்போது அதிலுள்ள அடையாளமும் மிஷினில் உள்ள அடையாளமும் நேருக்கு நேர் வர வேண்டும், இல்லையென்றால் ஊசி கூட்டைக் குத்தும்.

அடைமழைக் காலத்தில் ஃபுட்டுகளும் ஊசிகளும் துரு ஏறும். செருப்புப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு டப்பாவில் மூடி வையுங்கள். மழையில் பத்து நாள் தைக்க முடியாமல் போனாலும், ஈரமில்லாத ஒரு நாளில் உறையை எடுத்து, ஆன் செய்து, காடாத் துண்டில் பத்து நிமிடம் ஓட்டுங்கள். அன்றைக்கே ரீலில் உள்ள நூலையும் ஒரு முழம் இழுத்துச் சுண்டிப் பாருங்கள். சட்டென்று அறுந்தால் ஈரத்தில் மக்கிவிட்டது, அந்த ரீலை ஒதுக்கிவிடுங்கள்.